ஸ்பானிய நகர் சென்று பயில்வோர் இயல்: பெரியகல்லாற்று மாணாக்கருக்கு

நூல் தொடங்குவோர் எல்லை, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகியவற்றைப் பாயிரத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பது நன்னூல் வகுத்த முறை. அதன்படி இச்சிறு நூலுக்குக் கிழக்கெல்லை வங்கக் கடல், மேற்கெல்லை மட்டக்களப்பு வாவி, வடக்கெல்லை கோட்டைக்கல்லாறு, தெற்கெல்லை பெரியநீலாவணை. இடையே கிடக்கும் மணற்றுண்டம் பெரியகல்லாறு. நுதலிய பொருள், அவ்வூரில் உயர்தரம் முடித்த பிள்ளை ஸ்பானியம் பேசும் நகரமொன்றுக்குப் பல்கலைக்கழகப் படிப்புக்காகப் போவது. கேட்போர் மூவர்: அந்தப் பிள்ளை, பிள்ளையின் தாய், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மொழி கற்பிக்கும் ஆசிரியர். பயனைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் நிறுவ வந்தது ஒன்றுதான். நம் பிள்ளைகள் எந்த நாட்டுக்குப் படிக்கப் போனாலும் ஆங்கிலத்தின் வழியாகவே போகிறார்கள். அந்த நாட்டு மொழியையும் ஆங்கில விளக்கத்தோடு வந்த புத்தகத்தில்தான் படிக்கிறார்கள். ஸ்பானியத்தைப் பொறுத்தவரை அது வீண் சுற்று. பல இடங்களில் அந்தச் சுற்றே வழியை மறைக்கிறது. கல்லாற்றுப் பிள்ளை தன் பேச்சையும் தன் வாவியையும் துணைக்கொண்டு நேரே போகலாம்.

முதற் சான்று வரலாறு. புளியந்தீவில் நிற்கும் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தரும் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனும் சேர்ந்து அதைப் பிடித்தார்கள். போர்த்துக்கல்லின் முடியோ 1580 முதல் 1640 வரை ஸ்பானிய மன்னர் தலையில் இருந்தது. ஆகவே போர்த்துக்கேயக் கொடி அந்தக் கோட்டையில் பறந்த பத்தாண்டும் அதற்கு அரசன் மத்ரித்தில் இருந்த நான்காம் பிலிப். நிர்வாகம் போர்த்துக்கேயர் கையில்தான் இருந்தது, ஸ்பானியர் யாரும் இங்கே வந்து ஆளவில்லை. என்றாலும் தன் மாவட்டத்துக்கு ஒரு காலத்தில் மத்ரித்தில் அரசன் இருந்தான் என்பதை அறிந்து போகும் பிள்ளை, அந்த நகரத்து அரண்மனை வாசலில் வெறும் சுற்றுலாப் பயணியாக நிற்க மாட்டாள்.

இரண்டாவது சான்று இதைவிடப் பெரியது. 1554ஆம் ஆண்டு பெப்ரவரியில் லிஸ்பன் நகரில் ஒரு சிறு மறைக்கல்வி நூல் அச்சாயிற்று. தமிழை உரோமன் எழுத்தில் வைத்து, சொல்லுக்குச் சொல் போர்த்துக்கேயப் பொருளை வரிக்கிடையே கொடுத்து, கறுப்பும் சிவப்புமான மையில் அச்சிட்ட நூல். அச்சேறிய முதல் தமிழ் நூல் அதுவே. அதை ஆக்கியவர்கள் அந்நகரில் வாழ்ந்த தமிழ் பேசும் மூவர். வின்சென்தே த நசரே, ஜோர்ஜ் கார்வாலோ, தோமா த குரூஸ் என்று ஞானஸ்நானப் பெயர்களால் மட்டுமே வரலாறு அவர்களை அறியும். இலங்கையின் கோட்டை இராச்சியத்தில் பணிசெய்த பிரான்சிஸ்கத் துறவி ஒருவர் அதை மேற்பார்த்தார். இலங்கையும் தமிழும், போர்த்துக்கல்லும் ஸ்பெயினும் சேர்ந்த ஐபீரியாவும் ஒரே அச்சுக்கூடத்தில் கூடிய நிகழ்ச்சி இது. ஊர்காவற்றுறையில் பிறந்து, ஸ்பானியமும் போர்த்துக்கேயமும் கற்று, உலகைச் சுற்றிய தனிநாயகம் அடிகள்தான் 1950களில் இந்த நூலின் பெருமையைத் தமிழருக்கு எடுத்துச் சொன்னார்.

அந்த மூவரும் கையாண்ட முறையைக் கவனியுங்கள். தமிழுக்கும் ஐபீரிய மொழிக்கும் நடுவே மூன்றாவது மொழி எதுவும் இல்லை. ஒரு வரியில் இது, அதன்மேல் அது. ஏறத்தாழ 470 ஆண்டுகள் கழித்து நம் பிள்ளை ஸ்பானியத்தை ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தைத் தமிழில் விளங்கி, விடையைத் திரும்பவும் ஆங்கிலம் வழியே ஸ்பானியத்துக்குக் கொண்டுபோகிறாள். இது பின்னடைவு.

இனி இலக்கணம். இங்கே கொஞ்சம் விரித்தே எழுத வேண்டும், ஏனெனில் என் கட்சி நிற்பதும் விழுவதும் இங்கேதான்.

கல்லாற்றில் ஒரு நோயாளி வைத்தியரிடம் "எனக்கு வயிறு நோகுது" என்பார். நோவது வயிறு, அதை அனுபவிப்பவருக்கு நான்காம் வேற்றுமை. ஸ்பானிய நோயாளி "மெ துவேலே எல் எஸ்தோமாகோ" என்பார். மெ என்றால் எனக்கு, துவேலே என்றால் நோகுது, மீதி வயிறு. அச்சு அசலாக அதே கட்டு. பிடித்தல் என்ற வினையும் அப்படித்தான்: "மெ குஸ்தா", எனக்குப் பிடிக்கும். இதை ஆங்கிலம் வழியாகப் படிப்பவருக்கு ஆசிரியர் பல வாரம் செலவழித்து, "நான் விரும்புகிறேன் என்று நினைக்காதே, அது எனக்கு இன்பம் தருகிறது என்று தலைகீழாக நினை" என்று பயிற்றுகிறார். தமிழ்ப் பிள்ளைக்குத் தலைகீழ் எதற்கு? அவள் பிறந்த நாள்முதல் அப்படித்தான் பேசுகிறாள்.

செயப்படுபொருளை எடுங்கள். "வீடு பார்த்தேன்" என்றால் சரி. "அம்மா பார்த்தேன்" என்றால் பிழை, "அம்மாவைப் பார்த்தேன்" என்றே சொல்லவேண்டும். உயர்திணைக்கு இரண்டாம் வேற்றுமை உருபு கட்டாயம், அஃறிணைக்கு அது விரியலாம், தொகலாம். ஸ்பானியத்தில் "வேயோ லா காசா", வீட்டைப் பார்க்கிறேன், உருபு இல்லை. "வேயோ ஆ மி மாத்ரே", என் அம்மாவைப் பார்க்கிறேன், ஆள் என்பதால் நடுவே ஓர் ஆகாரம் வந்து உட்காருகிறது. ஐரோப்பிய மாணவர் பலருக்கு இந்த ஆகாரம் பெருந்தொல்லை. திணை என்ற கருத்தைத் தொல்காப்பியக் காலத்திலிருந்து சுமந்து வருபவர்களுக்கு அது தெரிந்த வீடு.

"இரு" என்ற பொருளுக்கு ஸ்பானியத்தில் இரண்டு வினைகள் உள்ளன. "அவர் வைத்தியர்" என்பதற்கு ஒன்று, "அவர் களைப்பாக இருக்கிறார்" என்பதற்கு வேறொன்று. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினை, ஆகவே ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் தடுமாறுகிறார்கள். தமிழில் முதல் வாக்கியத்துக்கு வினையே இல்லை, இரண்டாவதற்கு "இருக்கிறார்" உண்டு. எங்கே தமிழ் பெயரோடு நின்றுவிடுகிறதோ அங்கே ஸ்பானியம் "செர்" என்ற வினையையும், எங்கே தமிழ் "இருக்கிறார்" என்கிறதோ அங்கே பெரும்பாலும் "எஸ்தார்" என்ற வினையையும் கொள்ளும். விதிவிலக்கு உண்டு. செத்தவரைப் பற்றிச் சொல்லும்போது ஸ்பானியர் "எஸ்தா முவெர்த்தோ" என்பார்கள், அங்கே நம் விதி உதவாது. உதவாத இடத்தைத் தனியாகக் குறித்துக்கொண்டால் போதும்.

எழுவாய் இல்லாமல் வினைமுற்று தானே ஆளைக் காட்டுவது, நீ என்றும் நீங்கள் என்றும் முன்னிலை இரண்டாகப் பிரிவது, ஐந்து உயிரொலிகள் தெளிவாக ஒலிப்பது என்பவற்றையெல்லாம் விரிக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். "பேரோ" என்றால் ஆனால். "பேறோ" என்றால் நாய். ரகர றகர வேறுபாட்டைப் பள்ளியில் பிரம்படி வாங்கிக் கற்ற தலைமுறை நமக்கு இருந்தது. அந்த ஆசிரியர்கள் ஸ்பானிய உச்சரிப்புக்கும் சேர்த்தே அடித்தளம் இட்டிருக்கிறார்கள்.

எதிர்க்கட்சிக்கு இடம் கொடாத நூல் நூலாகாது. மேசைக்கும் வீட்டுக்கும் பெண்பால், புத்தகத்துக்கு ஆண்பால் என்று உயிரற்றதற்கெல்லாம் பால் பிரிக்கும் ஸ்பானிய வழக்கு தமிழருக்குச் சுமைதான். முன்னிடைச் சொற்களும் அப்படியே. அவற்றை மனனம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

சொல்வளத்தில் நமக்கு இன்னொரு கைம்முதல் உண்டு. போர்த்துக்கேயம் இங்கே விட்டுப்போன சொற்களில் பல ஸ்பானியத்துக்கும் பொது. மேசை, அலுமாரி, சப்பாத்து, குசினி, பாண், வாங்கு, துவாய்: இவற்றைக் கொஞ்சம் நீட்டியோ குறுக்கியோ சொன்னால் ஹவானாவிலும் விளங்கும். கதிரையும் யன்னலும் விளங்கா, அவற்றுக்கு ஸ்பானியத்தில் வேறு சொற்கள். கதிரையைப் பற்றி இன்னும் சொல்ல இருக்கிறது, சற்றுப் பொறுங்கள்.

மட்டக்களப்பு நகரில் ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் வீடுகளில் இன்றும் ஒரு போர்த்துக்கேயம் பேசப்படுகிறது. ஐந்நூறு ஆண்டுகளுக்குமுன் கப்பலேறி வந்த மொழி, ஒல்லாந்தர் ஆட்சியையும் ஆங்கிலேயர் ஆட்சியையும் தாண்டி, தமிழோடு குடித்தனம் செய்து, தமிழைப் போலவே வினையை வாக்கியத்தின் கடைசியில் வைக்கவும், வேற்றுமை உருபைப் பெயருக்குப் பின்னால் ஒட்டவும் பழகிவிட்டது. அமெரிக்காவிலிருந்தும் லிஸ்பனிலிருந்தும் மொழியியலாளர்கள் வந்து அதைப் பதிவுசெய்து போயிருக்கிறார்கள். கல்லாற்றிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலத்தில் போய்ச் சேரக்கூடிய அந்த வீடுகளுக்கு நம் மாணவர்கள் போய் உட்கார்ந்து கேட்டதில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் டச்பார் பகுதியை அடித்தபோது அந்த மொழியைப் பேசிய பலர் போய்விட்டார்கள். எஞ்சியிருக்கும் முதியவர்கள் நமக்கு ஆசிரியர்கள். அவர்கள் பேசுவது ஸ்பானியம் அன்று என்பதை அறிவேன். ஐபீரிய மொழி ஒன்று தமிழ்நாவில் எப்படி உட்காரும் என்பதை அவர்களைவிட வேறு யாரிடம் கேட்பது?

அடுத்தது எந்த நகரம் என்ற கேள்வி. வைத்தியப் படிப்பே படிப்பு என்று இருக்கும் குடும்பங்களுக்கு ஹவானாவைச் சொல்லவேண்டும். மிட்ச், ஜோர்ஜஸ் என்ற இரு சூறாவளிகள் 1998இல் மத்திய அமெரிக்காவையும் கரீபியனையும் குலைத்த பிறகு, கியூபா அரசு 1999இல் நகருக்கு மேற்கே இருந்த கடற்படைக் கல்லூரியை லத்தீன் அமெரிக்க மருத்துவப் பள்ளியாக மாற்றியது. ஆசிய, ஆபிரிக்க மாணவர்களும் அங்கே படித்திருக்கிறார்கள். ஸ்பானியம் அறியாதவருக்கு முதலில் மொழி, பிறகுதான் மருத்துவம். இந்த ஒழுங்கை மனதாரப் பாராட்டுகிறேன். நோயாளியின் பேச்சு விளங்காத வைத்தியர் பாதி வைத்தியர். படித்துத் திரும்புபவர் இலங்கை மருத்துவ சபையின் பதிவுப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும் என்பதையும் முன்கூட்டியே அறிந்து போகவேண்டும். இன்னொரு எச்சரிக்கை: ஹவானாச் சந்தையில் பப்பாசிப் பழத்தை அதன் பெயர் சொல்லிக் கேட்கக்கூடாது. அங்கே அது கெட்ட வார்த்தை. "ஃப்ரூத்தா பொம்பா" என்று கேளுங்கள்.

என் பரிந்துரை வேறு. பெரியகல்லாற்றுப் பிள்ளைக்கு வலென்சியாவே உரிய நகரம்.

ஸ்பெயினின் கிழக்குக் கரையில் இருக்கும் வலென்சியாவுக்குத் தெற்கே பத்துக் கிலோமீற்றர் அளவில் அல்புஃபேரா என்ற வாவி இருக்கிறது. கிழக்கே மத்தியதரைக் கடல், நடுவே ஒடுங்கிய மணற்றிட்டு, மேற்கே வாவி. வாவியைச் சுற்றி நெல்வயல். தட்டையான தோணியில் கோல் ஊன்றிப் போகிறார்கள், விலாங்கு பிடித்துச் சமைக்கிறார்கள். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் பிறந்து, மேற்கே படுவான்கரை வயலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். நம் வாவி 56 கிலோமீற்றர் நீளம், அல்புஃபேரா சிறியது. ஆனால் கேள்விகள் ஒன்றே. மாரியில் வாவி பெருகி வீடுகளுக்குள் ஏறும்போது கல்லாற்று முகத்துவாரத்தின் மணலை எப்போது வெட்டுவது, யார் வெட்டுவது, வெட்டினால் உப்பு எவ்வளவு ஏறும், வயல்காரனுக்கும் மீன்காரனுக்கும் இடையே நியாயம் எது என்று நாம் ஆண்டுதோறும் தகராறு படுகிறோம். அவர்கள் வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள கால்வாய்களில் கதவு வைத்து, வயலின் பருவத்துக்கேற்ப நீர்மட்டத்தை ஏற்றி இறக்குகிறார்கள். அதனால் வாவி நன்னீராகிப்போய் பழைய மீன்வளம் மாறியதையும், நகரத்துக் கழிவு அதில் சேர்ந்த கதையையும் கூடவே படிக்கலாம். அவர்களுடைய வெற்றியும் தோல்வியும் இரண்டுமே நமக்குப் பாடம்.

அந்நகரத் தலைமைக் கோவிலின் வாசலில் வியாழன்தோறும் நண்பகலில் நீர் மன்றம் கூடுகிறது. வாய்க்கால்களுக்காக விவசாயிகள் தெரிந்தெடுத்த பிரதிநிதிகள் கறுப்பு அங்கி அணிந்து வட்டமாக அமர்வார்கள். வழக்கு வாய்மொழியாகவே நடக்கும். வழக்கறிஞர் இல்லை, தீர்ப்பு அங்கேயே சொல்லப்படும். பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் இந்த மன்றத்தை யுனெஸ்கோ 2009இல் மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது. நம் வயற்கண்டங்களில் நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானை செய்யும் வேலை இதுதான். வட்டவிதானையின் அதிகாரத்தைப் பற்றி ஆய்வு செய்ய ஒரு பிள்ளை வலென்சியாவின் நீர் மன்றத்தை முழுதாகப் பார்த்துவிட்டு வந்தால், படுவான்கரைக்கு அது எத்தனை பயன்! 1499இல் தோன்றிய வலென்சியாப் பல்கலைக்கழகமும், வேளாண்மையும் நீரியலும் கற்பிக்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அங்கே இருக்கின்றன. 2024 ஒக்டோபர் 29இல் அந்த வட்டாரத்தை மூழ்கடித்த பெருவெள்ளத்தில் இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 1978இன் சூறாவளியையும் 2004இன் ஆழிப்பேரலையையும் கண்ட ஊர்க்காரர், அங்கே மாணாக்கராக மட்டுமல்ல, சொல்லக்கூடிய அனுபவம் உள்ளவராகவும் போகிறார்.

கதிரைக்கு வருகிறேன். வலென்சியாவில் ஸ்பானியத்தோடு வலென்சியமும் அரச மொழி. அது கத்தலானோடு ஒன்றானது. அம்மொழியில் கதிரைக்குப் பெயர் "கதீரா".

பதிவுப் படிவம் பற்றி ஒரு பகுதி அவசியம். ஸ்பானியப் படிவங்களில் குடும்பப் பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். பெரும்பாலும் முதலில் தகப்பனின் குடும்பப் பெயர், அடுத்துத் தாயினுடையது. திருமணமானாலும் பெண் தன் பெயரை மாற்றுவதில்லை. தகப்பன் பெயரை முன்னெழுத்தாக வைத்துக்கொண்டு போகும் பிள்ளைக்கு இரண்டாவது கட்டம் திகைப்பைத் தரும். திகைக்க வேண்டாம். மட்டக்களப்பில் குடி தாய்வழி வருகிறது. வீடு மகளுக்குப் போகிறது, மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருகிறார். தாயின் வழியைக் கேட்கும் படிவத்தை அந்நியமென்று நினைக்க நமக்குக் காரணமே இல்லை. கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதுங்கள். இரண்டாவது கட்டத்தை ஏன் வைத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் விளங்கிக்கொண்டு எழுதுங்கள்.

பெட்டி கட்டும் அதிகாரம் தாயினுடையது. "தூள் ரெண்டு கிலோ வைச்சிருக்கன் மனே, அங்க உறைப்புக் கிடைக்குமோ என்னவோ" என்று சொல்லும் தாயைப் பிள்ளைகள் மறுக்கிறார்கள். மிளகாயே ஸ்பானியர் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்ததல்லவா என்பது அவர்கள் வாதம். வரலாறு சரி, முடிவு பிழை. கியூபச் சமையலிலும் ஸ்பானியச் சமையலிலும் உறைப்பு மிகக் குறைவு. தாய் சொல்வதே சரி. ஐரோப்பிய ஒன்றியத்துச் சுங்க விதிகளையும் தாய்மார் அறிந்திருக்க வேண்டும். இறைச்சியும் பாற்பொருளும் கொண்டுபோக முடியாது, ஆகவே நெய்ப் போத்தலை எடுத்துவிடுங்கள். சுத்தம் செய்து பதப்படுத்திய மீன் ஆளுக்கு இருபது கிலோ வரை கொண்டுபோகலாம், ஆகவே கருவாடு போகும். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் அன்னாசிக்கும் அது வேண்டியதில்லை.

ஒரு எதிர்மாதிரியையும் சொல்லியாக வேண்டும். ஸ்பானிய மொழியின் பெருங்கவிஞரான பாப்லோ நெருடா 1929இல் சிலி நாட்டுக் கொன்சலாகக் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தைக் கடற்கரையில் குடியிருந்தார். சுற்றிலும் தமிழ் இருந்தது. அவர் அதைக் கற்கவில்லை. தன் மலக்கூடத்து வாளியைத் தினமும் காலையில் எடுத்துச் சுத்தம் செய்த தமிழ்ப் பெண்ணை ஒருநாள் கையைப் பிடித்து இழுத்து வல்லுறவு கொண்டதை, அவர் இறந்தபின் 1974இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். அவளோடு பேச ஒரு மொழியும் தன்னிடம் இல்லை என்றும் எழுதுகிறார். அவள் பெயர் அந்தப் புத்தகத்தில் இல்லை. அவள் தரப்பும் இல்லை. மொழி தெரிந்திருந்தால் அந்தக் குற்றம் நடந்திராது என்று நான் வாதிடவில்லை. அதிகாரமும் சாதியும் செய்த வேலை அது. ஒரு நகரத்தில் வாழ்ந்தும் அந்நகரத்து எளிய மனிதரின் பேச்சைக் காதில் வாங்காமல் இருப்பவருக்கு அங்குள்ளவர்கள் மனிதராகத் தெரியாமல் போகலாம் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று என் அறிவில் இல்லை. நம் பிள்ளைகள் வேறு ஊரில் அந்த இடத்தில் ஒருநாளும் நிற்கக்கூடாது. விடுதி துடைப்பவரோடு, மீன் விற்பவரோடு, வயலில் கூலிக்கு நிற்பவரோடு பேசத் தெரிந்த ஸ்பானியமே ஸ்பானியம். பேராசிரியருக்கு விளங்கும் ஸ்பானியம் தானாக வந்து சேரும்.

இனிப் பயன். ஸ்பானிய இலக்கணம் ஒன்று தமிழிலேயே, தமிழ் வேற்றுமைகளையும் திணையையும் அடிப்படையாகக் கொண்டு எழுதப்பட வேண்டும். எங்கே தமிழ் வழிகாட்டும், எங்கே காட்டாது என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்லும் நூலாக அது இருக்கவேண்டும். பறங்கியர் போர்த்துக்கேயத்திலிருந்து எடுத்துக்காட்டுகள் தரவேண்டும். கல்லாற்றிலிருந்து தெற்கே சில ஊர்கள் தள்ளிக் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்தர், ஷேக்ஸ்பியரின் நாடகங்களை வைத்துத் தமிழிலேயே நாடக இலக்கணம் பேசி மதங்க சூளாமணியை ஆக்கினார். அத்தகைய உழைப்பு இந்த மண்ணுக்குப் புதிதன்று. கிழக்குப் பல்கலைக்கழகத்து மொழித்துறையினரே, நூலைத் தொடங்குங்கள். பறங்கியர் முதியவர்களுக்கு ஆசிரியர் கதிரையைக் கொடுத்து, வாரத்தில் ஒரு மாலை வகுப்பையாவது அதற்குமுன் திறவுங்கள். வெளிக்கிட நினைக்கும் பிள்ளைகள் அந்த நூல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போய், அந்த வீடுகளின் கதவைத் தட்டி, மரியாதையாகக் கேட்டு, உட்கார்ந்து பேசத் தொடங்குங்கள்.